இரண்டு சுருட்டுக்கு ஒரு பெட்டி

“படிச்ச புள்ள பெட்டி செய்யுமா, இல்ல பெட்டியைப் பத்தி ரிப்போர்ட் எழுதுமா?”

அப்பா இதைக் கேட்டபோது நான் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து ஒரு பெட்டியை மேலிருந்தும் முன்னாலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் வரைந்துகொண்டிருந்தேன். ஒவ்வொரு கோட்டுக்கும் பக்கத்தில் மில்லிமீட்டரில் அளவு எழுதி, மூலையில் தேதியும் போட்டிருந்தேன். அந்தத் தேதியைப் பார்த்துத்தான் அவருக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

“ரெண்டும் செய்யும்ப்பா,” என்றேன்.

“எது முதல்ல வருதுன்னு பாத்துருவோம் லா,” என்று சொல்லிவிட்டுத் தொலைக்காட்சிப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்து, படிப்பை முழுசாக முடித்து வெளியே வந்தவள் நான்தான் முதல். அம்மா பள்ளிக்கூடம் போனதே இல்லை. அப்பா தாசேக் கெலுகோர் பக்கத்துத் தோட்டத்தில் கொஞ்ச நாள் போனார். அதிலும் பாதி நாள் வாத்தியாருக்கு டீ வாங்கப் போனதாகச் சொல்வார். நான் பல்கலைக்கழகம் வரை போய், இப்போது பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டு இன்ஜினியராக இருக்கிறேன். இதைச் சொல்லும்போது என் முதுகு தானாக நிமிரும். அப்பாவுக்கு அது தெரியும். நிமிர்ந்த முதுகை லேசாகத் தட்டிக் குனிய வைப்பதை ஒரு கடமையாகவே எடுத்துக்கொண்டிருக்கிறார். வீட்டில் பல்பு எரியவில்லை என்றால், “இன்ஜினியரைக் கூப்பிடு,” என்பார். சோறு குழைந்துபோனால், “இன்ஜினியர் தண்ணி அளந்து ஊத்தியிருக்கு,” என்பார்.

நான் வரைந்துகொண்டிருந்தது சுருட்டு வைக்கும் பெட்டி. சுருட்டு காய்ந்தால் நொறுங்கும். நனைந்தால் பூசணம் பிடிக்கும். ஆகவே பெட்டிக்குள் இருக்கும் காற்றின் ஈரம் கூடாமலும் குறையாமலும் ஒரே அளவில் நிற்க வேண்டும். எங்கள் வீட்டில் யாரும் சுருட்டுப் பிடிப்பதில்லை. பிறகு எதற்கு இந்தப் பெட்டி என்று சொல்லியாக வேண்டும்.

அப்பா ஒரு சீன முதலாளிக்குக் காடி ஓட்டினார். கப்பல்களுக்குச் சாமான் அனுப்பும் வியாபாரம் அவருக்கு. ஊரில் எல்லோரையும் போல நாங்களும் அவரைத் தவுக்கே என்றுதான் சொல்வோம். நான் பிறப்பதற்கு முன்பே தொடங்கிய வேலை அது. முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர் என்று உட்கார்ந்து, மலாயில் ஒருவரை ஒருவர் கேலி செய்துகொண்டே இந்தத் தீவை எத்தனையோ தடவை சுற்றியிருக்கிறார்கள். தவுக்கே அப்பாவைவிட மூத்தவர். ஆனாலும் அப்பாவை ‘அண்ணே’ என்றுதான் கூப்பிடுவார். அவருக்குத் தெரிந்த தமிழ் அவ்வளவுதான்.

ஒவ்வொரு சீனப் புத்தாண்டுக்கும் தவுக்கே அப்பாவுக்கு ஆங் பாவ் என்ற பண உறையோடு ஒரு கியூபா சுருட்டும் கொடுப்பார். உறை அம்மாவிடம் போகும். சுருட்டு ஒரு பழைய பிஸ்கட் டின்னுக்குள் போகும். “வீட்டுக்குள்ள புகை வந்துச்சுன்னா நான் வெளிய போயிருவேன்,” என்று அம்மா கல்யாணமான புதிதில் போட்ட சட்டம் இன்றுவரை அமலில் இருக்கிறது. அவ்வளவு உசத்தியான சாமானை மாடிப்படியில் உட்கார்ந்து ஊதித் தள்ளவும் அப்பாவுக்கு மனம் வரவில்லை. நல்ல நாளில் பிடிக்கலாம் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார்.

பினாங்கில் எதையும் அப்படித் தள்ளிப்போட முடியாது. தோல் செருப்பு, அலமாரிச் சட்டை, கல்யாண ஆல்பம் எல்லாவற்றிலும் பூசணம் வரும். அந்த டின்னைத் திறந்தால் வெள்ளை ரோமம் முளைத்த சுருட்டுகள் வரிசையாகப் படுத்திருக்கும். சிலவற்றில் ஊசியால் குத்தியதுபோலப் பூச்சி ஓட்டை. ஆனால் தவுக்கே ஒவ்வொரு வருடமும், “எப்படி இருந்தது?” என்று கேட்பார். அப்பாவும் சளைக்காமல், “மானிஸ், தவுக்கே, மானிஸ்,” என்பார். இனிப்பாக இருந்ததாம்.

சென்ற சீனப் புத்தாண்டோடு அப்பா வேலையிலிருந்து நின்றார். கடைசி நாளன்று அவரை அழைத்து வர நான் போயிருந்தேன். தவுக்கே வாசலுக்கு வந்து, இந்தத் தடவை இரண்டு சுருட்டுகளை அப்பா கையில் கொடுத்தார்.

“அண்ணே, இதை இப்பப் பிடிக்காதே. தீபாவளிக்கு உன் வீட்டுக்கு வர்றேன். ஒண்ணு உனக்கு, ஒண்ணு எனக்கு. அதுவரைக்கும் கெடாம வச்சிருப்பியா? எங்க வச்சிருப்பே! ஐஸ் பெட்டியில மீனுக்குப் பக்கத்துல படுக்க வச்சிருவே லா.”

அவர் மலாயில் சொன்னதைத் தமிழில் எழுதினால் குறும்பு கொஞ்சம் குறைந்துதான் போகிறது. அப்பா சிரித்தார். ஆனால் காடியில் ஏறியபின் ஜெலுத்தோங்கில் எங்கள் அடுக்குமாடி வரும்வரை அந்த இரண்டு சுருட்டுகளையும் மடியில் வைத்துப் பொத்திப் பிடித்துக்கொண்டே வந்தார்.

தவுக்கே எங்கள் வீட்டுக்கு வந்ததே கிடையாது. தீபாவளித் திறந்த இல்லத்துக்கு அடுக்குமாடியில் பாதிப் பேர் வந்து சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். அவர் வீட்டுக்கு மட்டும் அப்பாதான் முறுக்கு டின்னைத் தூக்கிக்கொண்டு போவார். முதல் தடவையாக அவர் வருகிறேன் என்கிறார். வந்து உட்கார்ந்து, அப்பா பூசணம் பிடித்த இரண்டு சுருட்டுகளை எடுத்து நீட்டினால், இத்தனை வருடமாகச் சொன்ன மானிஸ் எல்லாம் என்ன ஆவது?

“நான் பெட்டி செஞ்சு தர்றேன்ப்பா,” என்று நான் சொன்னது அதனால்தான். என் வேலையே ஈரம்தான். தொழிற்சாலையில் சில சில்லுகளை ஈரம் படாத அலமாரிகளில் பூட்டி வைத்திருப்போம். எண் கொஞ்சம் ஏறினால் மணி அடிக்கும், என்னைக் கூப்பிடுவார்கள். காற்றின் ஈரத்தைப் பற்றி இந்தக் குடும்பத்தில் யாராவது பேசலாம் என்றால் அது நான்தான் என்று நினைத்தேன்.

இங்கே ஓர் உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். மாதக்கணக்கில் அந்தச் சுருட்டுகளை ஒரு குறையும் இல்லாமல் காப்பாற்றியது ஒரு பிளாஸ்டிக் டப்பா. நான்கு பக்கமும் கிளிப் போட்டு மூடும் சாப்பாட்டு டப்பா. அதற்குள் ஈரத்தைத் தேவைப்பட்டால் உறிஞ்சி, தேவைப்பட்டால் விடும் ஒரு சின்னப் பொட்டலத்தையும் ஓர் ஈரமானியையும் போட்டு வைத்தேன். மானி சுருட்டுக்குத் தோதான அறுபத்தெட்டு சதவீதத்தில் நின்றது. அடுத்த நாளும் அறுபத்தெட்டு. அடுத்த மாதமும் அறுபத்தெட்டு.

அப்பா இதைக் கவனித்துவிட்டார். “இதுதான் நல்லா இருக்கே. அப்புறம் எதுக்கு நீ மரத்தைப் போட்டு அறுக்கப் போற?”

“தவுக்கே வந்து உக்காந்ததும் அவரு முன்னாடி நெத்திலி டப்பாவைத் திறந்து காட்டப் போறீங்களா?”

“அது புது டப்பா. நெத்திலி டப்பா அங்க இருக்கு,” என்று அம்மா சமையலறையிலிருந்து திருத்தினார்.

இரண்டும் ஒரே நிறம், ஒரே அளவு. அப்பா இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். “சரி, மரத்தையே அறு,” என்றார்.

சூலியா தெருவுக்குப் பின்னால் ஒரு பழைய கடைவீட்டில், கருவிகளோடு மேசையை வாடகைக்கு விடும் பட்டறை ஒன்று இருக்கிறது. சனிக்கிழமைகளில் அங்கே போனேன். செய்முறையை இணையத்தில் ஒரு தாடிக்காரரிடம் கற்றுக்கொண்டேன். அவர் எந்த ஊர் என்று தெரியாது. அவருடைய ஜன்னலுக்கு வெளியே எப்போதும் பனி பெய்துகொண்டிருக்கும். உள்பக்கத்துக்கு ஸ்பானிஷ் சீடர் என்ற மரம்தான் வேண்டும் என்று அவர் அடித்துச் சொன்னார். அது இங்கே எளிதில் கிடைப்பதில்லை. தேடிப் படித்ததில், நம் நாட்டு சூரியான் மரம் அதற்கு ஒன்றுவிட்ட தம்பி முறை என்று தெரிந்தது. அதே சிவப்பு, அதே லேசான எடை, கிட்டத்தட்ட அதே வாசனை. அப்பாவே காடியை எடுத்து, பாலம் தாண்டி மரக்கடைக்குக் கூட்டிப் போனார். பலகையை மூக்கருகே தூக்கி மோந்து பார்த்து, “பென்சில் சீவுன மாதிரி இருக்கு. உனக்குப் பிடிச்ச வாசனைதான்,” என்றார்.

வெளிப்பக்கத்துக்கு நியாத்தோ மரம். நான்கு பக்கங்களையும் மூலையில் சாய்வாக வெட்டிச் சேர்க்க வேண்டும். ஒரு மூலை சரியாக வந்தால் எதிர்மூலை வாயைப் பிளந்தது. முதல் பெட்டியில் கடுகைப் போட்டு ஆட்டினால் உருண்டு வெளியே வந்துவிடும். இரண்டாவதில் கடுகு நின்றது, மாவு நிற்காது. வேலையில்லாத அப்பா சனிக்கிழமை தோறும் என்னைக் கொண்டுவிட வந்து, பட்டறை வாசலில் தே தாரிக் டீப் பொட்டலத்தை உறிஞ்சிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

“இன்ஜினியர், இது சுருட்டுப் பெட்டியா, சல்லடையா?”

“இன்னும் முடியலப்பா.”

“ஜன்னல் வச்ச பெட்டின்னு சொல்லு. தவுக்கே காத்து வாங்கட்டும்.”

மூன்றாவது பெட்டி சரியாக அமைந்தது. நான்கு பக்கம், மேல், கீழ் எல்லாம் ஒட்டி, ஒரு பொத்தலும் இல்லாத மரக்கட்டியாக மேசைமேல் உட்கார்ந்தது. அப்பா உள்ளே வந்து, கையால் தடவி, தட்டிப் பார்த்து, “ம்,” என்றார். அவர் வாயிலிருந்து வந்த ‘ம்’ எனக்குப் பட்டமளிப்பு மேடையில் கிடைத்த சுருளைவிடப் பெரிது. அடுத்த நிமிடம் நான் ரம்பத்தை எடுத்து அந்தப் பெட்டியின் கழுத்தில் வைத்தேன்.

“அய்யய்யோ! சரியா வந்ததை ஏன்மா அறுக்குற?”

“மூடி வேணும்லப்பா.”

“மூடியைத் தனியா செய்ய வேண்டியதுதான லா!”

தனியாகச் செய்த மூடி ஒருநாளும் பொருந்தாது. முழுப் பெட்டியாகச் செய்து, பிறகு மேல்பகுதியை அறுத்து எடுத்தால் அதுவே மூடி. தன் உடம்போடு தானே பொருந்தும். நான் விளக்கிச் சொன்னேன். அவர் காதில் விழவில்லை. ரம்பம் ஒவ்வொரு தடவை இழுபடும்போதும் அவர் முகமும் சேர்ந்து இழுபட்டது. கடைசியில் பார்க்க முடியாமல் வெளியே போய்விட்டார்.

உள்ளே சூரியான் பலகைகளை மெல்லிசாக இழைத்துப் பொருத்தினேன். அவற்றுக்குப் பசை போடவில்லை. மரம் உப்பவும் சுருங்கவும் இடம் வேண்டும், இறுக்கமாகச் சொருகினாலே போதும் என்று தாடிக்காரர் சொல்லியிருந்தார். பலகைகள் பெட்டியின் விளிம்புக்கு மேல் விரல் நகம் அளவு நீட்டிக்கொண்டிருக்கும். மூடி அவற்றின்மேல் வழுக்கி இறங்க வேண்டும். கீலை முடுக்கிவிட்டு, மூடியைத் திறந்து கையை விட்டேன். அது டப்பென்று விழவில்லை. உள்ளே மாட்டிக்கொண்ட காற்று மெதுவாக வெளியேற, மூடி தூக்கம் வந்த குழந்தையின் இமைபோல இறங்கி, ஒரு பெருமூச்சோடு மூடிக்கொண்டது.

எட்டிப் பார்த்து உள்ளே வந்த அப்பா அதைத் திரும்பவும் திறந்துவிட்டார். இறங்கியது. திரும்பவும் திறந்தார்.

“தவுக்கேயோட பெரிய காடி கதவு சாத்துற சத்தம்,” என்றார். காடிக் கதவுதான் அவருக்கு உலகத்தை அளக்கும் கோல். அதற்குமேல் ஒரு பாராட்டு அவரிடம் இல்லை.

வெளிப்பக்கத்துக்கு அரக்கு மெருகு கொடுத்தேன். துணி உருண்டையில் தொட்டுத் தொட்டு, வட்டம் வட்டமாகத் தேய்க்கும் வேலை. மழை நாளில் தேய்த்தால் காற்றின் ஈரம் புகுந்து பால் கொட்டியதுபோல் வெளுத்துப்போகும். ஒருமுறை அப்படிப் போனதையும் சுரண்டிவிட்டு, வெயிலடித்த காலைகளாகப் பார்த்து முடித்தேன். அப்போது தீபாவளிக்கு இன்னும் சில வாரங்கள் இருந்தன. அதோடு நிறுத்தியிருந்தால் நான் ஒரு பெரிய ஆள்.

ஆனால் தாடிக்காரர், “புதுப் பெட்டி தாகமாக இருக்கும். உள்ளே ஒரு கிண்ணத்தில் வாலைவடி நீர் வைத்து மூடிவிடுங்கள்; மரம் குடிக்கட்டும்,” என்றார். நான் வைத்தேன். அவருடைய மரம் பனிக்காலத்து வறண்ட காற்றில் காய்ந்து கிடப்பது. என்னுடைய மரம் பிறந்ததிலிருந்து பினாங்குக் காற்றைக் குடித்துக் குடித்தே வளர்ந்தது. அதற்குத் தாகமே கிடையாது. ஈரத்துக்குச் சம்பளம் வாங்கும் எனக்கு இது தோன்றவில்லை. திறந்து பார்த்தபோது மானி எண்பதைத் தாண்டியிருந்தது. பலகைகள் உப்பி, மூடி பாதியில் நின்றுவிட்டது.

“உங்க கம்பெனியில காய வைக்கத்தான சம்பளம்?” என்று அப்பா கேட்டார். “இங்க என்னா, ஊற வச்சிருக்க?”

கிண்ணத்தை எடுத்துவிட்டுத் திறந்து வைத்தேன். அந்த வாரம் முழுவதும் மழை. எண் இறங்கவே இல்லை. வியாழக்கிழமை இரவுச் சாப்பாட்டின்போது, “ஈரம் போகவே மாட்டேங்குதும்மா,” என்று அம்மாவிடம் புலம்பினேன். அவ்வளவுதான் நான் சொன்னது.

வெள்ளிக்கிழமை மாலை வேலை முடிந்து படியேறும்போதே சாம்பிராணி மணத்தது. வெள்ளிக்கிழமை என்றால் அப்படித்தான் இருக்கும். கதவைத் திறந்தேன். கூடத்தின் நடுவில் தூபக்கால் புகைந்துகொண்டிருந்தது. அதற்கு இரண்டு பக்கமும் செங்கல். செங்கலின்மேல், வாயைப் பிளந்து குப்புறக் கவிழ்ந்த நிலையில் என் பெட்டி. எண்ணெய்க் குளியலுக்குப் பிறகு என் ஈரத்தலையை அம்மா எப்படிப் புகையில் காய வைப்பாரோ, அதே பக்குவத்தில், அதே பொறுமையோடு, பக்கத்தில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தார்.

“பாரு, எப்படிக் காஞ்சிருச்சு!” என்றார் முகமெல்லாம் சிரிப்பாக.

சுருட்டு, பக்கத்தில் இருக்கும் எந்த வாசனையையும் இழுத்துக்கொள்ளும். அதனால்தான் உள்ளே மெருகுகூடப் போடாமல் விட்டிருந்தேன்.

“அம்மா, சுருட்டெல்லாம் சாம்பிராணி வாசம் வருமேம்மா!”

“வந்தா என்னா? நல்ல வாசனைதான? உன் முடியையும் இப்படித்தான் காய வச்சேன். முடி வளரலையா?”

மானியை உள்ளே வைத்து மூடினேன். மூடி தாராளமாக இறங்கியது. கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் எழுபது. நான் ஒரு வாரமாகச் செய்ய முடியாததை அம்மா ஒரு சாயங்காலத்தில் செய்து முடித்திருந்தார். அதுதான் பொறுக்கவில்லை.

பலகைகளைக் கழற்றினேன். பசை போடாத என் முன்யோசனையை நானே பாராட்டிக்கொண்டேன். வீட்டில் வேறு யாரும் முன்வரவில்லை. உப்புத்தாளால் தேய்த்து, வெயில் வந்த நேரமெல்லாம் வீட்டு வாசலை ஒட்டிய நடைபாதைக் கம்பியில் சாய்த்து வைத்தேன். பிறகு வாசனை போய்விட்டதா என்று பார்க்க ஆரம்பித்தோம். அப்பா மோந்து, “ஒண்ணும் இல்ல,” என்றார். அம்மா மோந்து, “போயிருச்சு, பாவம்,” என்றார். எனக்கும் ஒன்றும் தெரியவில்லை. வாரா வாரம் சாம்பிராணி போடும் வீட்டில் வாழும் மூக்குகளை எப்படி நம்புவது? ஒரு பலகையைத் தொழிற்சாலைக்கு எடுத்துப் போய், பக்கத்து மேசை மலாய்த் தோழியிடம் நீட்டினேன். ஒரே மோப்பம்தான். நாற்காலியோடு பின்னால் போய்விட்டாள்.

“கெமெஞான்! யாரைக் கூப்பிட்டிருக்கே நீ?”

கெமெஞான் என்றால் சாம்பிராணி. மலாய்ப் பேய்க்கதைகளில் ஆவி வருவதற்கு முன்னால் வருவது சாம்பிராணி வாசனை. அன்று முழுவதும் அவள் அந்தப் பலகை இருந்த பக்கம் திரும்பவில்லை.

புதுப் பலகை வாங்கி, இழைத்து, காய வைக்க நேரம் இல்லை. இன்னும் கொஞ்சம் தேய்த்தேன். வாசனை குறைந்தது, போகவில்லை. பலகைகளைத் திரும்பச் சொருகிவிட்டு அப்பாவிடம் ஒரு யோசனை சொன்னேன். சுருட்டுகள் பிளாஸ்டிக் டப்பாவிலேயே இருக்கட்டும். தவுக்கேயின் காடி கீழே வந்து நிற்கும்போது எடுத்து மரப்பெட்டிக்குள் வைத்துவிடலாம். அவருக்கு என்ன தெரியப் போகிறது?

அப்பா கொஞ்ச நேரம் பெட்டியின் மூடியைத் திறந்து விட்டுக்கொண்டிருந்தார்.

“அது பொய்யில்ல?”

“நீங்க மானிஸ் சொன்னது மட்டும் என்னாவாம்?”

“அதான் சொல்றேன். அது போதும்மா.” அவரே டப்பாவின் கிளிப்புகளைக் கழற்றி, இரண்டு சுருட்டுகளையும் எடுத்து, சூரியான் பலகைமேல் இடைவெளி விட்டுப் படுக்க வைத்தார். “நீ இதுக்குத்தான செஞ்ச? இதுலயே இருக்கட்டும். வர்றது வரட்டும்.”

மூடி இறங்கியது. தீபாவளிக்கு ஒரு வாரம் இருந்தது. அந்த வாரம் முழுவதும் எண்ணைப் பார்ப்பதற்காகத் திறக்கிறேன் என்று சொல்லி நான் மோந்து பார்த்தேன். அப்பாவும் நான் இல்லாதபோது மோந்து பார்த்தார் என்று அம்மா போட்டுக் கொடுத்தார்.

தவுக்கே தீபாவளியன்று மதியம் வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு, எங்கள் சோபாவின் நடுவில் உட்கார்ந்து, ஆட்டுக்கறியை இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார். முறுக்கை நொறுக்கியபடி வீட்டைச் சுற்றிப் பார்த்தார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு, “அண்ணே, எங்கே? ஐஸ் பெட்டியிலா?” என்றார்.

அப்பா பெட்டியைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தார். தவுக்கே மூடியைத் தூக்கினார், விட்டார். அது இறங்கியது. மறுபடி தூக்கினார். இந்த மூடியைத் திறப்பவர்கள் யாரும் ஒரு தடவையோடு நிறுத்துவதில்லை என்பதை அதற்குள் நான் தெரிந்துவைத்திருந்தேன். பிறகு குனிந்து உள்ளே மோந்தார். சட்டென்று தலையை நிமிர்த்தினார்.

“அபா பாவு இனி?” இது என்ன வாசனை என்கிறார்.

அந்த அளவு மலாய் அம்மாவுக்கும் தெரியும். சமையலறை வாசலில் கரண்டியோடு நின்றுவிட்டார். நான் தரையைப் பார்த்தேன்.

“சாம்பிராணி, தவுக்கே,” என்றார் அப்பா. “பெட்டி ஈரமா இருந்துச்சு. என் சம்சாரம் புகை போட்டுக் காய வச்சுது.”

தவுக்கே அம்மாவைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், ஒரு சுருட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார். அம்மாவின் சட்டப்படி இரண்டு பேரும் நடைபாதைக்குப் போனார்கள். நான் கதவோரம் நின்றேன். பற்றவைத்து, தவுக்கே கண்ணை மூடி ஓர் இழுப்பு இழுத்தார். புகையை விட நேரமாயிற்று.

“நல்லா வச்சிருக்கே. பதம் சரியா இருக்கு.” இன்னோர் இழுப்பு. “ஆனா இது கோயிலுக்குப் போயிட்டு வந்த சுருட்டு லா, அண்ணே. இதை உக்காந்து பிடிக்கிறதா, கும்பிட்டுப் பிடிக்கிறதா?”

அப்பாவும் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு முழுச் சுருட்டை வாயில் வைத்து இழுத்தார். இருமி, கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

“எப்படி? மானிஸா?” என்று கேட்டார் தவுக்கே.

அப்பா கண்ணைத் துடைத்தார். “மானிஸ் இல்ல, தவுக்கே. கசக்குது.” சாம்பலைத் தட்டிவிட்டு, “முந்தி குடுத்ததெல்லாம் நான் பிடிக்கவே இல்ல. டின்னுலயே பூசணம் பிடிச்சுப் போச்சு,” என்றார்.

“தெரியுமே. முதல் வருஷமே தெரியும். சுருட்டை எவனாவது இனிப்புன்னு சொல்லுவானா?”

“அப்புறம் ஏன் வருஷா வருஷம் குடுத்தீங்க?”

“நீ முகத்தை எப்படி வச்சுக்கிட்டு மானிஸ் சொல்றேன்னு பார்க்கத்தான்.”

இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் எதிர் வீட்டுக் கதவு திறந்து மூடியது. அப்பா அப்படி வாய்விட்டுச் சிரித்து நான் வெகுநாளாகப் பார்க்கவில்லை.

சுருட்டு பாதி கரைந்தபின் தவுக்கே, “பெட்டி எந்தக் கடை?” என்றார்.

“கடை இல்ல. மகள் செஞ்சது.”

“படிச்ச மகளா?”

“படிச்ச மகதான்.” அப்பா கதவுப்பக்கம் திரும்பி, எனக்கும் கேட்கும்படி சத்தமாகவே சொன்னார்: “ரிப்போர்ட்டுக்கு முன்னாடி பெட்டி வந்துருச்சு.”

தவுக்கே கிளம்பும்போது தனக்கும் ஒன்று வேண்டும் என்றார். சாம்பிராணி மட்டும் வேண்டாம் என்றார். படியில் இரண்டு அடி இறங்கியவர் நின்று, கொஞ்சமாக இருந்தால் பரவாயில்லை என்றார்.

ஆனால் அவர் காத்திருக்கத்தான் வேண்டும். அன்று சாயங்காலமே அம்மா தன் பங்கைக் கேட்டுவிட்டார். “முதல்ல எனக்கு ஒண்ணு. சாம்பிராணியை உள்ள வச்சா வாசனை வெளிய வராம மூடணும். நாளைக்கு எதுவாச்சும்னா மறுபடியும் என்னையத்தான சொல்லுவீங்க.”

போன சனிக்கிழமை அந்தப் பெட்டியின் மூலைகளை ஒட்டி முடித்தேன். ஒரே தடவையில் சேர்ந்தது. மாவுகூட வெளியே வராது. இன்று காலை அப்பாவை தே தாரிக் வாங்கி வர அனுப்பிவிட்டு, அவர் திரும்புவதற்குள் மூடியை அறுத்துவிட்டேன்.